கண்வலிக்கிழங்கும் மஞ்சளும்: பெருங்குடல் புற்றுநோய்த் தடுப்பாய்வில் கொங்கு நாட்டு மருந்துச் செடிகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டு வேளாண் நிலங்களிலிருந்து இரண்டு மருந்துச் செடிகள் உலக ஆய்வுக்கூடங்களைச் சென்றடைந்துள்ளன. ஒன்று தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் விதைக்காகப் பயிரிடப்படும் கண்வலிக்கிழங்கு. மற்றொன்று ஈரோட்டு மஞ்சள். இவ்விரண்டின் வேதிப்பொருள்களும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயைத் தடுக்கக்கூடுமா என்னும் வினா அண்மைப் பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. அவ்வாய்வின் வரலாற்றைக் கால வரிசையில் தொகுத்து, எந்தக் கட்டத்தில் எவ்வகைச் சான்று கிடைத்தது, எந்தக் கட்டத்தில் நம்பிக்கை தளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வகச் சான்றைத் தடுப்பு மருந்துக்கான சான்றாகக் கொள்வது பிழை என்பதும், மக்கள்தொகை அளவில் தடுப்பை மெய்ப்பிக்கும் முறைக்கு இவ்வட்டாரத்திலேயே முன்மாதிரி உண்டு என்பதும் இதன் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: தாராபுரம், மூலனூர், கண்வலிக்கிழங்கு, செங்காந்தள், கோல்கிசின், மஞ்சள், குர்குமின், பெருங்குடல் புற்றுநோய், தடுப்பு மருத்துவம்.

1. முன்னுரை

அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த தாராபுரம், கொங்கு நாட்டின் பழமையான ஊர்களுள் ஒன்று. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் கோயம்புத்தூர்ப் பகுதியின் தென்பிரிவுக்கு இதுவே தலைமையிடமாக இருந்தது. 1800-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆணைப்படி இவ்வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் விளங்கியவர். அவருடைய பயண நூல் 1807-இல் லண்டனில் வெளிவந்தது. 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், பின்னர் ஈரோடு மாவட்டத்திலும், 2009 முதல் திருப்பூர் மாவட்டத்திலும் தாராபுரம் வட்டம் இடம்பெற்றுள்ளது. மழை குறைந்த இவ்வட்டத்தில் ஆற்றுப் பாசனத்தால் நன்செயும் கிணற்றை நம்பிய புன்செயும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அப்புன்செயில்தான் கண்வலிக்கிழங்கு பயிராகிறது.

உலக அளவில் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் கணிப்பு கூறுகிறது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் வயதுச் சீராக்கம் செய்யப்பட்ட நிகழ்வு வீதம் லட்சத்துக்கு 30-ஐக் கடக்கிறது; இந்தியாவிலோ அது 10-க்கும் குறைவு. இவ்வேறுபாட்டுக்கு இந்திய உணவும், குறிப்பாக மஞ்சளும் காரணமாகலாம் என்னும் கருத்து மருத்துவ இதழ்களில் தோன்றி, பின்னர் பொதுவழக்கிலும் பரவியது. அக்கருத்து எவ்வாறு தோன்றியது, எவ்வளவு தூரம் நிலைபெற்றது என்பதை அறிய அதன் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

2. சொல்லும் நோயும்

மருந்துச் செடிகளின் வரலாற்றை எழுதுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு கலைச்சொல்லைப் பற்றியது. சித்த மருத்துவ மரபில் மூலம், குன்மம், கழிச்சல், புற்று முதலிய நோய்ப் பெயர்கள் வழங்குகின்றன. இவை அறிகுறிகளையும் உடற்கூற்றின் மாறுபாட்டையும் அடிப்படையாகக் கொண்ட பகுப்புகள். இன்று ‘பெருங்குடல் புற்றுநோய்’ என்று வழங்கும் நோயோ, திசுவை நுண்ணோக்கியில் கண்டு வரையறுக்கப்படுவது. எனவே, ஏடுகளில் ‘மூலத்துக்கு’ எனக் குறிக்கப்பட்ட மருந்தை ‘மலக்குடல் புற்றுநோய்க்கு’ எனப் பொருள்கொள்வது காலப்பிழையாகும்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் சிக்கலன்று. மலத்துடன் குருதி வெளிப்படுதல் மூலநோய்க்கும் மலக்குடல் புற்றுநோய்க்கும் பொதுவான அறிகுறி. அதனை மூலம் என்றே கருதிக் கைவைத்தியத்தில் காலம் கழிப்பதால், நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுதல் மருத்துவர் நன்கறிந்த நிகழ்வு. சொல்லின் மயக்கம் இங்கு உயிரோடு தொடர்புடையதாகிறது.

3. ‘மருந்தால் தடுத்தல்’ என்னும் கருத்து

நோய் வந்தபின் குணப்படுத்துதல் வேறு. வருமுன் மருந்தால் தடுத்தல் வேறு. புற்றுநோயைப் பொறுத்தவரை இரண்டாவதற்கு ‘வேதித்தடுப்பு’ என்னும் பெயரை 1976-இல் வழங்கியவர் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஸ்போர்ன். இக்கருத்துக்குப் பெருங்குடல் மிகப் பொருத்தமான உறுப்பாக அமைந்தது. பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை முதலில் தீங்கற்ற சிறு கட்டிகளாகத் தோன்றி, பத்தாண்டு அளவில் மெல்ல மாறுபவை. மார்சனும் அவருடன் பணியாற்றியோரும் 1975-இல் இத்தொடர்ச்சியைத் திசுச் சான்றுகளால் விளக்கினர். 1990-இல் ஃபியரானும் வோகல்ஸ்டைனும் அதன் மரபணுப் படிகளை வரையறுத்தனர். இடைப்பட்ட அந்நெடுங்காலமே தடுப்பு மருந்துக்கான வாய்ப்பு.

தாவர மரபிலிருந்து தோன்றிய மருந்தொன்று அவ்வாய்ப்பைப் பயன்படுத்தியதற்கு ஆஸ்பிரின் சான்றாகும். வில்லோ மரப்பட்டையின் சாலிசினிலிருந்து தொடங்கிய வேதியியல் மரபின் விளைவு அது. மரபுவழிப் பெருங்குடல் புற்றுநோய்க்கு உள்ளாகும் லிஞ்ச் கூட்டறிகுறி உடைய 861 பேரிடம் ஜான் பர்ன் தலைமையில் நடந்த சோதனையில், நாள்தோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் பெற்ற 427 பேரில் 9 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்ற 434 பேரில் 13 விழுக்காட்டினரும் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆளாயினர். இம்முடிவை உறுதிசெய்யப் பத்தாண்டுக் கண்காணிப்பு தேவைப்பட்டது. குடற்குருதிக் கசிவு ஆஸ்பிரினின் அறியப்பட்ட தீங்கு என்பதால், எல்லோருக்கும் அது பரிந்துரைக்கப்படுவதில்லை. கொங்கு நாட்டுச் செடிகளின் சான்றுகளை அளக்க இவ்வரலாறே உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

4. செங்காந்தளிலிருந்து கோல்கிசின் வரை

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கப்படும் 99 பூக்களின் வரிசை செங்காந்தளிலிருந்தே தொடங்குகிறது. குறிஞ்சி நிலத்தின் பூவாகவும் முருகனுக்குரிய பூவாகவும் இலக்கியம் போற்றிய இச்செடி, இன்று தமிழ்நாட்டின் மாநில மலராகும். அதன் நிலத்தடிப் பகுதியோ வேறு பெயர்களால் அறியப்பட்டது. கலப்பை போல் வளைந்திருத்தலின் கலப்பைக்கிழங்கு. வடமொழியிலும் கலப்பையைக் குறிக்கும் சொல்லடியாக இலாங்கலி. கார்த்திகைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்பன பிற வழக்குகள். பூவுக்கு அழகின் பெயரும் கிழங்குக்கு நஞ்சின் புகழும் அமைந்தமை குறிப்பிடத்தக்கது. கருவைக் கலைக்கும் தன்மையைச் சுட்டும் பெயர் வடமொழி நிகண்டு மரபில் இதற்கு உண்டு. 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளின் நச்சுப்பொருள் அட்டவணையிலும் இலாங்கலி இடம்பெற்றுள்ளது. சித்த மருத்துவமும் இதனைச் சுத்தி செய்யாமல் உள்ளுக்குக் கொடுப்பதில்லை.

ஐரோப்பாவில் கீல்வாதத்துக்கு வழங்கப்பட்டது கோல்கிகம் என்னும் வேறொரு செடி. அதிலிருந்து 1820-இல் பெல்தியே, காவந்து ஆகிய பிரெஞ்சு வேதியியலாளர் காரப்பொருள் ஒன்றைப் பிரித்தனர். 1833-இல் கைகர் அதற்குக் கோல்கிசின் எனப் பெயரிட்டார். கண்வலிக்கிழங்கை ஆராய்ந்து, அதிலும் கோல்கிசின் இருப்பதை 1915-இல் கிளூவர், கிரீன், டுட்டின் ஆகியோர் வெளியிட்டனர். இரு வேறு நிலங்களின் நச்சுக் கிழங்குகள் ஒரே வேதிப்பொருளைத் தாங்கியிருந்தமை இவ்வாறு வெளிப்பட்டது.

கோல்கிசின் உயிரணுப் பிரிவை நிறுத்தும் என்பதை 1930-களில் பிரஸ்ஸல்ஸ் நகரில் டஸ்டின் விரிவாக ஆராய்ந்தார். 1937-இல் பிளேக்ஸ்லி, செடிகளில் நிறப்புரி எண்ணிக்கையை இரட்டிக்க இதனைப் பயன்படுத்தினார். 1960-களில் சிகாகோவில் எட்வின் டெய்லரின் ஆய்வுக்குழு, கதிரியக்கக் குறியிட்ட கோல்கிசின் உயிரணுவில் எதனுடன் பிணைகிறது எனத் தேடியது. அத்தேடலில் கண்டறியப்பட்ட புரதமே பின்னர் ‘டியூபுலின்’ எனப் பெயர்பெற்றது. உயிரணு பிரியும்போது நிறப்புரிகளை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்கள் இப்புரதத்தாலானவை. கோல்கிசின் பிணைந்தால் நுண்குழல் உருவாவதில்லை. பிரிவு இடையில் நின்றுவிடுகிறது.

5. தாராபுரம் வட்டாரச் சாகுபடி

கண்வலி விதையிலிருந்து கோல்கிசினைப் பெறுதல் குறித்து ஜம்மு வட்டார ஆய்வகத்தின் சரின் முதலியோர் 1974-இல் எழுதிய கட்டுரை, இச்செடியின் வணிக மதிப்பைச் சுட்டிய தொடக்கக் குறிப்புகளுள் ஒன்று. கோல்கிகம் குளிர்நிலச் செடி. தென்னிந்தியச் சமவெளிக்கு உரியதன்று. எனவே கண்வலி விதை அதற்கு மாற்று மூலப்பொருளாயிற்று. காட்டிலிருந்தும் வேலியோரங்களிலிருந்தும் கிழங்கைத் தோண்டிய நிலை மாறி, மூலனூர், தாராபுரம், கன்னிவாடி, அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம், அம்பிளிக்கை ஆகிய ஊர்களைச் சுற்றிய பரப்பு இதன் சாகுபடிக் களமாக வளர்ந்தது. முருங்கைக்குப் பெயர்பெற்ற மூலனூர்ப் பகுதிக்கு இது மற்றொரு பணப்பயிராயிற்று.

கிழங்கு ஆடி, ஆவணியில் நடப்படும். கொடி இலைநுனியால் பற்றிப் படர்வது. ஆதலால் அதற்குக் கம்பிப் பந்தலும், கொங்கு வேலிகளுக்கு உரிய கிளுவை முள்ளும் பற்றுக்கோடாக அமைக்கப்படுகின்றன. பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளிலிருந்து விலகிப் பக்கவாட்டில் வளைந்திருப்பதால் தன்மகரந்தச் சேர்க்கை அரிது. காலை வேளையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டுவைத்தாலன்றிக் காய் நன்கு பிடிப்பதில்லை. மிகுந்த கைவேலையைக் கோரும் இப்பயிரின் விளைச்சல் முழுவதும் விதையில்தான் அளக்கப்படுகிறது. விதை ஏற்றுமதியாளர் வழியாகவும் சாறெடுக்கும் ஆலைகள் வழியாகவும் ஐரோப்பிய மருந்துத் தொழிலைச் சென்றடைகிறது. விலை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறியிறங்குவதும், அதனை வாங்குவோரே முடிவுசெய்வதும் உழவர் நெடுங்காலமாகக் கூறிவரும் குறைகள். இப்பயிரின் எதிர்காலம், தொலைவிலுள்ள மருத்துவ ஒழுங்காற்று அமைப்புகளின் முடிவுகளோடு பிணைந்திருப்பதை அடுத்த பகுதி காட்டும்.

6. நஞ்சு தடுப்பாகுமா?

கோல்கிசின் உயிரணுப் பிரிவை நிறுத்துமாயின், கட்டுப்பாடின்றிப் பிரியும் புற்றணுவையும் நிறுத்தலாமே என்னும் எண்ணம் இயல்பாக எழுந்தது. பெருங்குடல் புற்றணுக்களை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்து, அவற்றின்மீது கோல்கிசினையோ கண்வலிச் சாற்றையோ இட்டால் அவை அழிவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நுண்குழலை வேறு வகைகளில் தாக்கும் வின்கிறிஸ்டின், பேக்ளிடாக்சல் ஆகிய தாவர வேதிப்பொருள்கள் புற்றுநோய் மருந்துகளாக நிலைபெற்றும் விட்டன. கோல்கிசின் அவ்வாறு நிலைபெறவில்லை. காரணம் அதன் நச்சு எல்லை மிகக் குறுகியது.

கீல்வாதத்துக்குத் தரப்படும் அளவு ஓரிரு மில்லிகிராமுக்கு உட்பட்டது. ஏழு மில்லிகிராம் அளவிலேயே உயிரிழப்பு நேர்ந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. கிழங்கை வள்ளிக்கிழங்கு என மயங்கி உண்டமையாலும், தற்கொலை நோக்கில் உண்டமையாலும் நேர்ந்த மரணங்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் கழிச்சலும் தோன்றும். பின்னர் எலும்பு மச்சை செயலிழக்கும். தப்பியவர்க்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி உதிரும். இவ்வரிசை தற்செயலானதன்று. குடலின் உட்படலம் சில நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. மச்சையும் மயிர்க்காலும் அவ்வாறே ஓயாது பிரியும் அணுக்களால் ஆனவை. எந்தச் செயலால் கோல்கிசின் புற்றணுவை நிறுத்துகிறதோ, அதே செயலால் நலமான குடற்படலத்தையும் அழிக்கிறது. கிழங்கின் ஆற்றலும் கேடும் ஒரே வேரிலிருந்து எழுபவை எனலாம்.

ஆயினும் சிறிய அளவில், நெடுங்காலம் உட்கொள்வோரிடம் என்ன நிகழ்கிறது என்னும் வினா எஞ்சியது. தைவானின் தேசிய நலக் காப்பீட்டுத் தரவைக் கொண்டு, கீல்வாதமுடைய ஆண்களை 12 ஆண்டுக் காலப் பரப்பில் ஆராய்ந்த குவோ முதலியோரின் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. கோல்கிசின் பெற்றவர்களிடம் புற்றுநோய் நிகழ்வு குறைவாக இருந்தது என்றும், புரோஸ்டேட், பெருங்குடல்-மலக்குடல் புற்றுநோய்களில் அக்குறைவு காணப்பட்டது என்றும் அது கூறியது. கருதத்தக்க செய்தியே இது. எனினும், முன்னரே பதிவான தரவைப் பின்னோக்கி ஆராய்ந்தது அவ்வாய்வு. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு மருத்துவர் கோல்கிசினைத் தவிர்ப்பர். ஆதலின் மருந்து பெறாதோர் தொடக்கத்திலேயே நலம் குன்றியவராக இருந்திருக்கலாம். மருந்தே காரணம் என முடிவுசெய்யக் குலுக்கல் முறையில் பிரித்த சோதனை வேண்டும்.

இவ்வரலாற்றின் எதிர்ப்பக்கம் 2013-இல் வெளிப்பட்டது. கோல்கிசின் குடும்பத்தைச் சேர்ந்த தயோகோல்கிகோசைடு, தசைப்பிடிப்புக்கான மருந்து. கண்வலி விதைக்கு அதுவும் ஒரு சந்தை. உடலில் அதிலிருந்து உருவாகும் ஒரு வளர்சிதைப் பொருள், பிரியும் அணுக்களில் நிறப்புரி எண்ணிக்கையைப் பிறழச் செய்யக்கூடும் என ஐரோப்பிய மருந்து முகமை கண்டது. அப்பிறழ்ச்சி புற்றுநோய்க்கு ஏதுவாகும் காரணிகளுள் ஒன்று என்பதால், வாய்வழி மருந்தை ஏழு நாளுக்கு மேல் தரலாகாது எனவும், கருவுற்றோர்க்கும் 16 வயதுக்கு உட்பட்டோர்க்கும் தரலாகாது எனவும் அது பரிந்துரைத்தது. ஒரே விதையிலிருந்து புற்றுநோயைத் தடுக்கலாம் என்னும் நம்பிக்கையும், புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் என்னும் எச்சரிக்கையும் இரண்டாண்டு இடைவெளியில் தோன்றின. ‘மூலிகைச் சாறு’ என்னும் ஒற்றைச் சொல்லால் இதனைக் குறிப்பது எவ்வளவு போதாது என்பதை இது காட்டுகிறது.

7. மஞ்சள்: உணவும் சாறும்

மஞ்சளின் நிலை வேறு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளும், பவானிசாகர் ஆய்வு நிலையத்திலிருந்து வெளிவந்த வகைகளும் கொங்கு நாட்டின் அன்றாட வாழ்வில் கலந்தவை. 1815-இல் வோகலும் பெல்தியேயும் மஞ்சளின் நிறப்பொருளைப் பிரித்தனர். 1910-இல் அதன் வேதியமைப்பு தெளிவாயிற்று. திருச்சூர் அமலா புற்றுநோய் மருத்துவமனையின் இராமதாசன் குட்டன் முதலியோர், மஞ்சளின் புற்றெதிர்ப்புத் தன்மை பற்றி 1985-இல் எழுதினர். 1995 சனவரியில் அமெரிக்க நல ஆய்வு நிறுவனத்தின் சின்தலபள்ளி ராவ், பந்தாரு ரெட்டி முதலியோர், உணவில் குர்குமின் பெற்ற எலிகளுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைந்ததை வெளியிட்டனர். அதே ஆண்டு மார்ச்சில், மஞ்சளால் புண் ஆற்றுதலுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் அதனை எதிர்த்து வழக்காட, 1997-இல் அது நீக்கப்பட்டது. மஞ்சள் குறித்த பெருமித உணர்வும் அறிவியல் நம்பிக்கையும் ஒருங்கே வளர்ந்த காலம் அது.

இச்சோதனைகளில் எலிக்குப் புற்றுநோயை உண்டாக்கிய வேதிப்பொருளின் வரலாறும் கருதத்தக்கது. குவாம் தீவில் மாவாக்கி உண்ணப்பட்ட சைக்கஸ் விதை எலிகளில் கட்டிகளைத் தோற்றுவிப்பதை 1963-இல் லக்கூர் முதலியோர் கண்டனர். அவ்விதையின் சைக்கசினை ஆராய்ந்த வழியில்தான் டைமெத்தில்ஹைட்ரசின், அசாக்சிமீத்தேன் ஆகியவை பெருங்குடல் புற்றுநோய் ஆய்வுக்குரிய கருவிகளாயின. சைக்கஸ் இனம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்வதே. செடி தடுக்கும் என்பதைச் சோதிக்கும் முறையே, செடி கெடுக்கும் என்னும் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்தது.

தமிழ்நாட்டில் இம்முறையைத் தொடர்ந்து கையாண்ட இடம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை. நளினி, வேணுகோபால் மேனன் முதலியோர் 1998 முதல் சீரகம், மிளகு, மிளகாய், வெந்தயம், இஞ்சி ஆகிய சமையற் பொருள்களை டைமெத்தில்ஹைட்ரசின் செலுத்தப்பட்ட எலிகளில் ஆராய்ந்தனர். குடல் நுண்ணுயிரிகளின் பீட்டா-குளுகுரோனிடேஸ் என்னும் நொதி, கல்லீரல் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் நச்சை மீண்டும் விடுவிக்கக்கூடியது. இந்நொதியின் செயல்மீது நறுமணப் பொருள்களின் விளைவை அவர்கள் அளந்தனர். அடுக்களைப் பொருளொன்று குடலில் எவ்வழியில் செயற்படலாம் என்பதற்கு இவ்வாய்வுகள் தெளிவான விளக்கம் தந்தன. ஆனால் அவை எலிகளைப் பற்றியவை என்பதை மறத்தலாகாது.

8. மனிதச் சோதனைகளின் முடிவு

குர்குமின் குடலிலிருந்து குருதிக்கு மிகச் சிறிதளவே செல்வது. பெங்களூரு செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் 1998-ஆம் ஆண்டு ஆய்வு, 20 மில்லிகிராம் மிளகுச் சத்தாகிய பைப்பரினைச் சேர்த்தால் அவ்வளவு பன்மடங்கு உயர்வதைக் காட்டியது. பெருங்குடலுக்கோ குருதி வழியே செல்லவேண்டிய தேவை குறைவு. உண்ட பொருள் நேரே அங்கு சேரும். இதனால்தான் குர்குமின் ஆய்வில் பெருங்குடல் முதலிடம் பெற்றது.

இங்கிலாந்தின் லெஸ்டரில் ஷர்மா, கெஷர், ஸ்டூவர்ட் ஆகியோர், முற்றிய நோயுடைய 15 பேருக்கு நாளொன்றுக்கு 3.6 கிராம் வரை குர்குமின் அளித்து 2004-இல் முடிவை வெளியிட்டனர். அவ்வளவு தாங்கத்தக்கது என்பது தெரிந்தது. 2006-இல் குரூஸ்-கொரேயா முதலியோர், குடும்பவழிக் குடற்கட்டி நோயுடைய ஐவருக்குக் குர்குமினும் குவெர்செட்டினும் அளித்தபோது கட்டிகளின் எண்ணிக்கை 60.4 விழுக்காடும் அளவு 50.9 விழுக்காடும் குறைந்தன. 2011-இல் கேரல் முதலியோரின் ஆய்வில், 30 நாள் நாளொன்றுக்கு 4 கிராம் பெற்ற புகைப்பவர்களிடம் தொடக்கநிலைக் குடற்படல மாற்றங்கள் 40 விழுக்காடு குறைந்தன. 2 கிராம் பெற்றவர்களிடம் குறையவில்லை.

இந்நம்பிக்கையைச் சோதிக்க அதே குரூஸ்-கொரேயா முதலியோர் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, இருதரப்பும் அறியாவண்ணம் நடத்திய சோதனை 2018-இல் வெளிவந்தது. 44 பேர் ஓராண்டு கலந்துகொண்டனர். குர்குமின் பெற்றோர் நாள்தோறும் 3,000 மில்லிகிராம் பெற்றனர். கட்டிகளின் எண்ணிக்கையிலோ அளவிலோ வேறுபாடு இல்லை. ஐவரிடம் ஒப்பீடின்றிக் கண்ட விளைவு, ஒப்பீட்டோடு நோக்கியபோது நிலைக்கவில்லை. தம் முந்தைய முடிவையே மறுக்கும் முடிவை அவ்வாய்வாளர் வெளியிட்டமை அறிவியல் நெறிக்கு எடுத்துக்காட்டாகும். ஆய்வுக்கூடச் சோதனைகள் பலவற்றில் குர்குமின் போலி விளைவுகளைக் காட்டும் இயல்புடையது என நெல்சன் முதலியோர் 2017-இல் எழுதிய திறனாய்வும் இங்குக் கருதத்தக்கது.

அளவைப் பற்றிய எளிய கணக்கும் தேவை. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடு. இந்திய உணவில் நாளொன்றுக்குச் சேரும் மஞ்சள் 2 முதல் 2.5 கிராம் எனக் கொண்டால், குர்குமின் 75 மில்லிகிராம் அளவே. 4 கிராம் குர்குமினை மஞ்சள்தூளாக உண்பதாயின் 130 கிராமுக்கு மேல் வேண்டும். ஆகவே, சோதனைகளில் ஆராயப்பட்டது குழம்பில் இடும் மஞ்சள் அன்று. செறிவூட்டிய சாறு, உணவின் பாதுகாப்பைத் தானாகவே பெறுவதும் இல்லை. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்புற்ற 10 பேரின் விவரத்தை அமெரிக்க ஆய்வு வலையமைப்பு 2022-இல் வெளியிட்டது. குறிப்பிட்ட மரபணுக் கூறு உடையோரிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. குருதியில் மிகுதியாகச் சேரச் செய்யும் மிளகுச் சத்து அம்மாத்திரைகள் சிலவற்றில் இருந்தது.

9. அம்பிளிக்கை தரும் அளவுகோல்

தடுப்பு மெய்யானதா என்பதை மக்களிடம் எவ்வாறு அறிவது? இதற்கான விடை தாராபுரத்துக்குத் தெற்கே, கண்வலிக்கிழங்கு விளையும் அதே பரப்பில் உள்ளது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் கிறித்தவக் கூட்டுறவுச் சமூக நல மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து பணியாற்றின. ஊர்ப்புற மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்ட திண்டுக்கல் அம்பிளிக்கைப் புற்றுநோய்ப் பதிவகம் அங்கு அமைந்தது.

கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்து அம்மாவட்டத்தில் நடந்த ஆய்வில் 114 ஊர்த்தொகுதிகள் குலுக்கல் முறையில் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டன. 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் நோக்கும் எளிய சோதனையைச் செய்தனர். மாற்றம் கண்டவர்க்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2007-இல் வெளியான முடிவின்படி, ஒப்பீட்டுத் தொகுதிகளைவிட இத்தொகுதிகளில் நோய் நிகழ்வு 25 விழுக்காடும் அந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. பதிவகம் இருந்ததால்தான் இக்குறைவை அளக்க முடிந்தது.

நோய் வேறாயினும் நெறி ஒன்றே. மூலிகைச் சாறு பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்கும் எனக் கூறுவதற்கு, ஒப்பீட்டுக் குழுவும், பல்லாண்டுக் கண்காணிப்பும், நோயையும் இறப்பையும் எண்ணும் பதிவும் வேண்டும். அத்தகைய சான்று கண்வலிக்கிழங்குக்கும் மஞ்சளுக்கும் இன்றளவும் இல்லை. மலத்தில் மறைந்துள்ள குருதியைக் கண்டறியும் சோதனைக்கும், பெருங்குடல் அகநோக்கியால் கட்டியைக் கண்டு நீக்குதலுக்கும் அச்சான்று உண்டு.

செடியுணவுக்கு இடமே இல்லை என்பது இதன் பொருளன்று. ஆப்பிரிக்காவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் 1971-இல் நார்ச்சத்து மிகுந்த உணவுக்கும் இந்நோயின் அருமைக்கும் உள்ள தொடர்பைச் சுட்டினார். முழுத்தானியமும் நார்ச்சத்தும் இந்நோய்க்கான வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியத்தின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டுள்ளது. நார்ச்சத்தைத் தனியே கூட்டி நடத்திய 2000-ஆம் ஆண்டுச் சோதனைகள் கட்டி மீண்டும் தோன்றுவதைக் குறைக்கவில்லை என்பதையும் உடன் கூறவேண்டும். கம்பும் சோளமும் அன்றாட உணவாயிருந்த கொங்குப் புன்செய் மரபு, பிரித்தெடுத்த எந்தச் சாற்றையும்விட இவ்வறிக்கையின் மதிப்பீட்டுக்கு நெருக்கமானது.

10. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு.

1. கண்வலிக்கிழங்கின் கோல்கிசின் உயிரணுப் பிரிவைத் தடுக்கும் ஆற்றல் உடையது. அதே ஆற்றல் குடற்படலத்துக்கும் மச்சைக்கும் நஞ்சாகிறது. தைவான் ஆய்வு மேலும் ஆராயத்தக்க குறிப்பே. கிழங்கையோ விதையையோ உட்கொள்வதற்கு அது சான்றாகாது.

2. குர்குமின் எலிச் சோதனைகளிலும் ஒப்பீடற்ற சிறு சோதனைகளிலும் நம்பிக்கை அளித்தது; ஒப்பீட்டுச் சோதனையில் அந்நம்பிக்கை மெய்ப்படவில்லை. மஞ்சள் உணவாக நிலைத்தற்கு இது தடையன்று. சிகிச்சைக்கோ சோதனைக்கோ மாற்றாக அதனைக் கொள்ளுதலே தவறு.

3. சித்த மருத்துவ நோய்ப்பெயர்களை இன்றைய புற்றுநோய்ப் பெயர்களோடு நேர்ப்படுத்துவது வரலாற்று நோக்கிலும் மருத்துவ நோக்கிலும் தீங்கு பயப்பது.

4. கண்வலி உழவரின் வாழ்வு ஐரோப்பிய ஒழுங்காற்று முடிவுகளைச் சார்ந்துள்ளது. விதையின் வேதியியல் பற்றிய செய்தி உழவர்க்கும், நச்சுத்தன்மை பற்றிய எச்சரிக்கை விதையைக் கையாளும் தொழிலாளர்க்கும் தமிழில் சென்றடைதல் இன்றியமையாதது.

5. ஊர்ப்புறத்தில் புற்றுநோய்த் தடுப்பை மெய்ப்பிக்கும் ஆய்வு இயலும் என்பதை அம்பிளிக்கை காட்டியுள்ளது. தாராபுரம் வட்டாரத்தில் மலத்தோடு குருதி கண்ட ஒருவர் அதனை மூலம் என ஒதுக்காமல் சோதனைக்குச் செல்லும் நிலையை உருவாக்குதல், இன்று கைவசமுள்ள சான்றுகளுக்கு இசைந்த முதற்பணியாகும்.